கட்டைவிரல் இல்லாத படம்

“சார்... ஒரு கொலை நடந்திருக்கு!”

காதைக் குடைந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது.

“எங்கே?”

“இதோ... இதுல!”

மேஜை மேல் ஒரு செல்போன் வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். கீறலுக்குக் கீழே ஒரு படம்.

நீலக் கரை போட்ட வெள்ளைத் துணி. அதன் மேல் இரண்டு டம்ளர் டீ. ஜன்னல் வழியாக விழுந்த காலை வெயில்.

இன்ஸ்பெக்டர் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“செத்தது யாரும்மா? டம்ளரா?”

சுவரோரம் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் அவள் கையில் சூடு பட்டுத்தான் வெளியே போகும். சூடான பெட்டியைப் பாதித் துணியில் நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்தாள். சூப்பர்வைசர் போட்ட கூச்சல் வாசல் வரை துரத்தியிருந்தது.

“படத்துல என்ன இருக்குன்னு பாக்காதீங்க சார்! என்ன இல்லைன்னு பாருங்க!”

“என்ன இல்லை?”

“கட்டைவிரல்!”

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார்.

“உக்காரும்மா. தண்ணி குடி. முதல்லேர்ந்து சொல்லு.”

அவள் உட்காரவில்லை. தண்ணீரையும் தொடவில்லை.

“போன்ல ஒரு குரூப் சார். ‘தினம் ஒரு படம்’னு பேரு. தினமும் ஆளுக்கு ஒரு படம் போடணும். பெருசா ஒண்ணும் வேணாம். கண்ணு முன்னாடி என்ன கிடக்குதோ, அது. ஒருத்தர் பஸ் டிக்கெட் போடுவார். ஒருத்தி மொட்டை மாடிச் செடி போடுவா. நான் மடிச்ச துணியைப் போடுவேன். அங்க என் பேரே ‘மடிப்பு’தான்.”

“செல்ஃபியெல்லாம் உண்டா?” என்றார் ஏட்டு ஆசையாக.

“முகம் கூடாது! அதான் அங்க சட்டம். சொந்தப் பேரும் கூடாது. முகம் காட்டினா அழகா இருக்கறவங்களுக்கே லைக்கெல்லாம் போயிடுமாம்.”

“நியாயமான சட்டம்தான்!” என்றார் ஏட்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டே.

“யோவ், சும்மா இரு. நீ சொல்லும்மா.”

“அதுல ஒரு அக்கா. அவங்க எதை எடுத்தாலும் படத்தோட மூலையில அவங்க கட்டைவிரல் விழுந்துடும். டீயை எடுத்தா விரல். ஜன்னலை எடுத்தா விரல். ‘அக்கா, விரல் விழுந்திருக்கு, வேற எடுங்க!’ன்னு தினமும் எல்லாரும் கத்துவோம். ‘டீ இல்லாம கூட இருப்பேன், விரல் இல்லாம இருக்க மாட்டேன்’னு எழுதுவாங்க. கட்டைவிரல் அக்கான்னே பேரு வெச்சுட்டோம்.”

அவள் திரையைத் தள்ளிக் காட்டினாள். விரல்... விரல்... விரல்! கொழுத்த, நகம் வெட்டிய, சமையல் மஞ்சள் ஏறிய ஒரு கட்டைவிரல்.

பிறகு சட்டென்று விரல் நின்றுபோனது.

“ஒரு வாரமா இப்படித்தான் சார். படம் வருது. விரல் இல்லை. கோணல் இல்லை. ஆடாம அசையாம, ஸ்டூடியோக்காரன் எடுத்த மாதிரி வருது! எங்க அக்காவுக்கு இப்படி எடுக்கத் தெரியாது சார். சத்தியமாத் தெரியாது!”

“கத்துக்கிட்டிருப்பாங்க.”

“போன் பண்ணினா எடுக்கல. ‘நல்லா இருக்கேன்’னு ஒரு வரி மட்டும் வருது. என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாம அவங்க ஒரு வரி எழுதினதில்ல சார். இப்ப அதைக் காணோம்.”

இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“புருஷன்?”

“ஐஸ்க்ரீம் ஏஜென்ட். கை நீட்டற ஆளு. ஒரு தடவை எனக்குத் தனியா எழுதினாங்க. ‘இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு தங்கச்சி’ன்னு.”

“நீ என்ன பண்ணின?”

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அழற பொம்மை ஒண்ணு அனுப்பினேன்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான் சார்...”

வெளியே ஒரு லாரி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

அவள் அம்மா செத்தபோது அவளும் படம் போடாமல் கிடந்தாள். அந்தக் குரூப்பில் ஒரு நாள் படம் வரவில்லை என்றால் மொத்தக் கூட்டமும் தேட ஆரம்பித்துவிடும். மற்றவர்கள் தேடிவிட்டு அடங்கிப்போனார்கள். அக்கா மட்டும் அடங்கவில்லை. ‘எழுந்து தண்ணி குடிச்சியா? அந்த டம்ளரைப் படம் எடுத்துப் போடு’ என்று எழுதினாள். இவள் வெறும் டம்ளரைத்தான் எடுத்துப் போட்டாள். அதற்கு அக்கா விட்ட ‘சபாஷ்’ இருக்கிறதே... பெற்ற தாய் சொன்னது போல இருந்தது!

முகம் தெரியாத அந்த அக்கா இப்போது எங்கே? உயிரோடு இருக்கிறாளா?

“அட்ரஸ் தெரியுமா?”

“தெரியும் சார். இந்த மேஜைத் துணி நான் கூரியர்ல அனுப்பினது. கம்பெனியில கழிச்சுப் போட்டது. கிழிசலைத் தைச்சு, கஞ்சி போட்டு, பெட்டி போட்டு அனுப்பினேன்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

“வண்டியை எடுய்யா!”

ஜீப் கடைத்தெருவைத் தாண்டி ஓடியது. முன் சீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“கணக்கு சரியாத்தான் வருது. புருஷன் போட்டுத் தள்ளிட்டான். படம் நின்னா குரூப்புல தேடுவாங்க. அதனால பொண்டாட்டி போனை வெச்சுக்கிட்டு அவனே டீ போட்டுப் படம் எடுக்கறான்!”

“விரல் விழணும்னு பயலுக்குத் தெரியல!” என்றார் ஏட்டு.

அவள் பின் சீட்டில் கைகளைக் கோத்துக்கொண்டாள். கடவுளே... என் கணக்கு தப்பாக இருக்கட்டும். நான் பைத்தியக்காரியாகவே போகிறேன். அக்கா மட்டும் உயிரோடு இருக்கட்டும்!

கடவுள் சில சமயம் கேட்டதை அப்படியே கொடுத்துவிடுகிறார்.

அதுதான் கஷ்டமே.

சந்துக்குள் கடைசி வீடு. வாசலில் ஐஸ்க்ரீம் வேன் ஒன்று தூசி பிடித்து நின்றது. அதன் கண்ணாடியில் யாரோ விரலால் ‘என்னைக் கழுவு’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏட்டு மணியை அழுத்தினார்.

சத்தமில்லை.

மறுபடி அழுத்தினார்.

உள்ளே செருப்புத் தேயும் ஓசை. தாழ்ப்பாள் நகர்ந்தது. இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது.

கதவு திறந்தது!

ஒரு பெண் நின்றாள். இடது கண்ணைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாக ஒரு வட்டம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வலது கையைத் துண்டால் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

அவள் போலீசைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற இஸ்திரிக்காரியின் மணிக்கட்டையே பார்த்தாள். பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. மடித்த துணிப் படங்களில் எப்போதும் துணிக்குப் பக்கத்தில் தெரியும் அதே தழும்பு!

“நீ... மடிப்புதானே?”

“அக்கா?”

“நான்தான் தங்கச்சி.”

“பொய்! அக்கான்னா விரலைக் காட்டுங்க!”

துண்டு அவிழ்ந்தது.

கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நகம் போன ஒரு கட்டைவிரல்.

“இதை வெச்சுக்கிட்டு போனைப் பிடிக்க முடியல. மாவு டப்பாவுல சாய்ச்சு வெச்சு, டைமர்ல எடுக்கறேன். நேரா வருது. எனக்கே பிடிக்கல!”

இஸ்திரிக்காரி ஒரே பாய்ச்சலில் அவளைக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள்... அழுதாள்... மறுபடி சிரித்தாள்.

“உசுரோட இருக்கீங்களேக்கா! உசுரோட இருக்கீங்களே!”

“மெதுவா புடி. விலா எலும்பும் சரியில்ல.”

ஏட்டு இன்ஸ்பெக்டரின் காதில் கிசுகிசுத்தார்.

“கொலை கேஸு கட்டிப்புடி கேஸா ஆயிடுச்சு சார்!”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

“கையை யாரும்மா இப்படிப் பண்ணினது?”

“கதவுல மாட்டிக்கிச்சு.”

“கண்ணு?”

“அதுவும்... கதவுதான்.”

“உங்க வீட்டுக் கதவுக்குக் கை இருக்கும் போல. எங்க அந்தக் கதவு? கூப்பிடுங்க.”

“வெளியூர் போயிருக்கார். வந்தா சொல்றேன். வந்தது வந்தீங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க.”

படத்தில் பார்த்த அதே அறை. அதே ஜன்னல். அதே வெள்ளைத் துணி தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. அதே இரண்டு டம்ளர். ஒன்று காலி. இன்னொன்றில் டீ ஆடை கட்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கண் அதில் விழுந்தது.

“வெளியூர் போனவருக்கும் டீயா?”

“பழக்கதோஷம் சார்...”

அக்கா அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் ஒன்று கை தவறி உருண்டது.

இஸ்திரிக்காரிக்கு மனசு பஞ்சாகப் பறந்தது. நான் அனுப்பிய துணி! எத்தனை ஆசையாக விரித்துவைத்திருக்கிறாள்! அடடா... என்ன இது, ஓரத்தில் ஒரு சுருக்கம்? நடுவில் டீக்கறை வேறு?

சுருக்கத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேஜை விரிப்பை இழுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். பல வருஷத்து வேலை, கையோடு ஒட்டிக்கொண்ட புத்தி.

டம்ளர்களை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

“அக்கா! இதைக் குடுங்க, நான் துவைச்சுப் பெட்டி போட்டு எடுத்தாரேன்!”

“வேணாம்டீ! எடுக்காதே!”

அடுப்படியிலிருந்து வந்த அலறலில் ஜன்னல் காக்கா பறந்துபோனது.

ஆனால்... துணி ஏற்கெனவே அவள் கையில்!

கீழே மேஜை இல்லை.

நீளமான ஒரு ஐஸ்க்ரீம் பெட்டி. உள்ளே மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருந்தது. மூடியைச் சுற்றிக் கொடிக் கயிறு, முடிச்சுக்கு மேல் முடிச்சாக.

முடிச்சு எல்லாம் கோணல். ஒரே கையால் போட்ட முடிச்சு.

ஏட்டு சிரிப்பதை மறந்தார். இன்ஸ்பெக்டர் கயிற்றை அறுத்தார். மூடியை ஒரு சாண் தூக்கினார். வெள்ளைப் புகை வந்தது. மெதுவாக மூடினார்.

“வெளியூர்தான்... ரொம்பக் குளிரான ஊர்!” என்றவரின் குரலில் கேலி இல்லை.

அக்கா அடுப்படி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

“படம் எடுத்துக்கிட்டு இருந்தேன் சார். அவ்ளோதான் நான் பண்ணின தப்பு. ‘ஊருக்கே படம் காட்டறியா?’ன்னாரு. கையைப் பிடிச்சு அந்தப் பெட்டி ஓரத்துல வெச்சாரு. மூடியைப் போட்டு அழுத்தினாரு. நான் கத்தக் கத்த அழுத்தினாரு...”

“அப்புறம்?”

“மறுநாள் காலையில கடைக்குச் சரக்கு எடுக்கத் தலையை உள்ளே விட்டுக் குனிஞ்சாரு. அதே மூடி. அழுத்தக் கை இல்லை. அதனால மேல ஏறி உக்காந்துட்டேன். இறங்கணும்னுதான் நினைச்சேன் சார். கால் இறங்கல.”

மோட்டார் மட்டும் முனகிக்கொண்டே இருந்தது.

“ஏன்க்கா எனக்கு ஒரு போன் பண்ணல? நான் கூப்பிட்டப்பவாவது எடுத்திருக்கலாமே!”

“உன் குரலைக் கேட்டா எல்லாத்தையும் கொட்டிடுவேன்டீ. தங்கச்சின்னு எழுத வந்தாலே அழுகை வந்துச்சு. அதான் அதைக்கூட எழுதல.”

“அப்ப எதுக்குத் தினமும் படம்?”

“ஒரு நாள் நின்னா நீங்க தேடி வந்துடுவீங்களே!”

இஸ்திரிக்காரி துணியை முகத்தில் பொத்திக்கொண்டாள். தேடியது அவள். கூட்டிவந்தது அவள். மூடியிருந்ததைத் திறந்ததும் அவள்தான். இந்த ஒரு வாரமும் அந்தப் பெட்டி மேல் வைத்த டீக்கு விழுந்த சிவப்பு இதயங்களில் முதல் இதயம் அவளுடையது!

“நானே உங்களைக் காட்டிக்குடுத்துட்டேனேக்கா...”

“சீ, அசடு. ஒரு விரலைக் காணோம்னு இத்தனை தூரம் ஓடி வந்திருக்கியே! இந்த வீட்டுக்குள்ள நானே காணாமப் போயிருந்தேன். யாரு தேடினா?”

“முகம் கூடாதுன்னு சட்டம் போட்டோமே... முகத்தைக் காட்டியிருந்தீங்கன்னா கண்ணு வீங்கினது தெரிஞ்சிருக்குமே!”

“தெரிஞ்சா?”

அவளுக்கு அழுகிற பொம்மை ஒன்று நினைவுக்கு வந்தது.

அக்கா நல்ல கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

விலங்கு மாட்ட வந்த ஏட்டு அந்த விரலைப் பார்த்தார். விலங்கைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வழியில ஆஸ்பத்திரி இருக்கும்மா. முதல்ல கட்டு போட்டுக்கலாம்.”

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்தார். சாட்சிக்குப் பெட்டியை ஒரு படம் எடுத்தார். அறுந்த கயிற்றோடு ஒரு படம். ஜன்னலில் இருந்த டம்ளர்களோடு ஒரு படம். ஆடாமல் இருக்கப் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த கட்டைவிரல் அக்காவின் வெடித்த உதட்டில், ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சிரிப்பு.

“விரல் விழுந்திருக்கு சார்... வேற எடுங்க!”