பிழைவேளை

தெற்குச் சுவர் மீட்புப் பணிமனையில் காலை ஏழு மணிக்குத் தேநீரும் பிழைவேளையும் ஒன்றாகவே வரும். தேநீர் ஆறுவதற்குள் ஆளுக்கொன்றாக நேற்றைய தவறைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் பீப்பாய் மூடியைச் சரியாகத் திருகவில்லை என்பார் ஒருவர். கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டேன் என்பார் இன்னொருவர். மற்றவர்கள் ஒரே குரலில் "கேட்டோம்" என்பார்கள். அத்தோடு முடிந்தது. திட்டு கிடையாது, ஏற இறங்கப் பார்ப்பது கிடையாது. வாசிப்பாளர் தங்கப்பழம் தன் பலகையில் அதைப் பதிந்துகொள்வார். நாலு பேருக்கு உதவும் என்று தோன்றினால், கடலோரத்தின் முப்பத்தெட்டுப் பணிமனைகளுக்கும் பாடமாக அனுப்பிவிடுவார்.

எஞ்சின் பழுதுபார்க்கும் இஞ்ஞாசியின் முறை வந்தபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து பதினாலாம் நம்பர் ஸ்பேனர வேற ஆணியில மாட்டிட்டேன்."

"கேட்டோம்" என்றார்கள் சிரித்துக்கொண்டே.

"அண்ணாச்சிக்குத் தப்புக்கே பஞ்சம். வேணும்னா நான் ரெண்டு கடன் தாரேன்" என்றாள் நான்காம் வண்டியின் ஓட்டுநர் மோட்சம். இஞ்ஞாசி பெருமையை மறைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தார். மறைத்ததாக அவர்தான் நினைத்துக்கொண்டார்.

எல்லாம் கடல்சுவர் உடைந்த ஆண்டிலிருந்து வந்த பழக்கம். சுவரில் விரிசல் விட்டது நான்கு பேருக்கு முன்பே தெரிந்திருந்தது. வேலை போய்விடும் என்று பயந்து நால்வரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று ஊர்கள் உப்புத் தண்ணீருக்குள் போன பிறகுதான் ஒப்புரைச் சட்டம் வந்தது. தானே முன்வந்து சொன்ன தவறுக்கு எந்தத் தண்டனையும் இல்லை, இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்பட்டதும் இல்லை. உள்நாட்டில் எல்லாம் மின்கல வண்டிகள்தான். கடலோரத்தில் மட்டும், உப்புத் தண்ணீரில் மூழ்கிய மின்கலம் தீப்பிடிக்கும் என்பதால், பாசியிலிருந்து எடுத்த பெட்ரோலில் பழைய வகை எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த எஞ்சின்களுக்கு இந்தக் கரையில் இஞ்ஞாசியை மிஞ்சிய ஆள் இல்லை. காற்றுக் குழாயின் கவ்வியை மாட்டிய பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் எல்லாப் பணிமனைச் சுவர்களிலும் தொங்குகிறது. அதன் பெயரே 'இஞ்ஞாசி முறை'.

அன்று முற்பகல் கழுவுவதற்காக நான்காம் வண்டியை நகர்த்தியபோது, முகப்பில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்தார். வாசிப்புக் கருவியைச் செருகினார். எரிபொருள் திருத்தம் எல்லையைத் தாண்டிவிட்டது என்றது கருவி. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் காது மடல் சுட்டது.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறதென்று காற்றுமானி சொல்லும். அதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஊட்டுமூளை கணக்குப் போடும். ஈ.சி.யு. என்று பழைய ஆட்கள் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி, இன்ஜெக்டரை ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடும். எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று புகைக்குழாயில் இருக்கும் மூச்சுமானி மோந்து பார்க்கும். மிச்சமிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; ஊட்டுமூளை அடுத்த முறை கொஞ்சம் கூட்டும். இல்லையென்றால் குறைக்கும். ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்ந்தால், அதை நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும்.

காற்றுமானிக்கு அப்பால் குழாயில் ஓட்டை விழுந்தால், அளக்காத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். பெட்டியும் முறையிடாமல் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கும். இனி முடியாது என்ற கட்டத்தில்தான் விளக்கைப் போடும். இரண்டு மாதங்களுக்கு முன் அந்தக் குழாயை மாட்டும்போது கவ்வி கைவசம் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இஞ்ஞாசி ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டார். அப்புறம் மறந்துபோனார். இரண்டு மாதமாக அவருடைய தவறை அந்தப் பெட்டி வாய் திறக்காமல் சுமந்திருக்கிறது.

புதுக் கவ்விக்குக் கிடங்கில் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் ஒன்றும் ஆகாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் 'இஞ்ஞாசி முறை'யை இஞ்ஞாசியே மீறினார் என்று முப்பத்தெட்டுப் பணிமனைகளிலும் வாசிப்பார்களே! மோட்சம் சிரிப்பாளே! அவர் இடுக்கியை எடுத்துக் கம்பியை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினார். பேட்டரி முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி மாட்டினார். விளக்கு அணைந்தது. பெட்டி கற்று வைத்திருந்ததெல்லாம் அதோடு அழிந்தது. இறுக்கிய கம்பி குழாயை அறுத்துவிட்டதை அவர் குனிந்து பார்க்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு அழைப்பு வந்தது. மதியமே நடுக்கடலில் படகின் விசைச்சக்கரத்தில் சிக்கி லூர்து என்பவரின் வலது கை துண்டாகியிருந்தது; படகு துறைக்கு வந்து சேர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. கையைப் பனிக்கட்டியில் வைத்து அவரையும் ஏற்றிக்கொண்டு, மோட்சம் தண்ணீர் மேலேறி ஓடிய தாழ்ந்த தாம்போதிப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தாள். மெதுவாகப் போகும்போதுதான் அளக்காத காற்று எஞ்சினை அதிகம் படுத்தும். பழைய திருத்தம் கைவசம் இருந்திருந்தால் பெட்டி எப்படியோ சமாளித்திருக்கும். வண்டி நின்றது. கிளப்பினாள். நின்றது. தண்ணீருக்கு நடுவே இருபது நிமிடம் போயிற்று. கையை ஒட்டவைக்கும் நேரம் கடந்துவிட்டது என்றார் மருத்துவர்.

மறுநாள் பொழுது விடியும்போதே, கிடங்கில் காரணம் கேட்க ஆள் வருமுன், இஞ்ஞாசி குழாயை மாற்றிப் புதுக் கவ்வியையும் மாட்டிவிட்டார். சொல்லிவிடுவது என்றுதான் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் மோட்சம் எழுந்துவிட்டாள்.

"எஞ்சின் சூடாகும் முன்னாடியே அவசரப்பட்டு மிதிச்சிட்டேன். அதான் நின்னு நின்னு போச்சு. இன்னைக்குக் காலையில ஓட்டிப் பாத்தேன், வண்டியில ஒரு கொறையும் இல்ல. தப்பு என் கால்லதான். லூர்து அண்ணனுக்குக் கை போனது என்னாலதான்."

"கேட்டோம்" என்றார்கள். இஞ்ஞாசியும் சொன்னார். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவரால் நம்பவே முடியவில்லை.

அவருடைய முறைக்கு, எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டேன் என்றார். யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. பொய் சொல்லக் காரணமே இல்லாத ஊரில் பொய்யை யார் தேடப்போகிறார்கள்?

அன்றே பாடம் போயிற்று. கிளப்பிய பின் எஞ்சின் சூடாக இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டே வண்டியை நகர்த்த வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்புக்கும் கடலோரம் முழுவதும் மீட்பு வண்டிகள் உறுமிக்கொண்டு சும்மா நின்றன. கெட்டுப்போன மூச்சுமானி ஒன்று இருந்தால் நல்ல எஞ்சினுக்கும் பெட்டி தப்பாகத்தான் ஊட்டும். முப்பத்தெட்டுப் பணிமனைகளுக்கு அந்தக் கெட்ட மூச்சுமானி தான்தான் என்பது இஞ்ஞாசிக்கு ஒவ்வொரு முறையும் உறைத்தது. மோட்சமோ சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டாள். ஏனென்று கேட்டவர்களிடம், "என் கால நானே நம்ப முடியல" என்றாள்.

பத்தாம் நாள் வடக்குப் பணிமனையிலிருந்து வந்த செய்தியைத் தங்கப்பழம் வாசித்தார். அங்கே மூச்சு நின்றுபோன குழந்தையை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் பாடப்படி காத்திருந்திருக்கிறார். தகப்பன் வண்டியைக் கையால் அடித்து அடித்துக் கெஞ்சியிருக்கிறான். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் இந்த இரண்டு நிமிடம் உண்மையிலேயே வேண்டுமா என்று அந்த ஓட்டுநர் கேட்டிருந்தார்.

"வேண்டாம்" என்று இஞ்ஞாசி எழுந்தார். கம்பியையும், விளக்கையும், பேட்டரி முனையையும், பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். "என்னைய எல்லாரும் பெருசா நெனைக்கியளேன்னு, அந்த நெனப்புப் போயிருமேன்னு மறைச்சேன். வேற ஒரு காரணமும் இல்ல."

வழக்கமான குரலில், "கேட்டோம்" என்றார்கள்.

அவ்வளவுதான். தங்கப்பழம் பாடத்தை ரத்து செய்து பலகையில் பதிந்தார். அடுத்த ஆள் ஏதோ விளக்குக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். யாராவது குவளையைத் தூக்கி எறிவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள் என்று இஞ்ஞாசி உள்ளூர எதிர்பார்த்திருந்தார். ஒருவரும் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. சட்டம் அவரை அப்போதே விடுவித்துவிட்டது. அவருக்குத்தான் நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கிடங்கில் மோட்சம் கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"சாவிய வாங்கிக்கோ, மோட்சம். உன் கால்ல ஒரு தப்பும் இல்ல."

"கேட்டேன், அண்ணாச்சி."

"லூர்துகிட்ட நானே போய்ச் சொல்லுதேன்."

"நான் போயி அவுக கால்ல விழுந்துட்டு வந்துட்டேன். கை இல்லாத மனுசன் எனக்கு ஆறுதல் சொன்னாக. பத்து நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

இஞ்ஞாசி ஓரடி கிட்டே வந்தார். "என்னைய ஏதாச்சும் வைஞ்சிரு, மோட்சம். சட்டம் கெடக்கு. இங்க யாரும் இல்ல. நாலு வார்த்த வைஞ்சிரு."

மோட்சம் நிமிர்ந்து அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"வைய மாட்டேன், அண்ணாச்சி. வைஞ்சா உங்களுக்குச் சுளுவாப் போயிரும்."

அவள் அடுத்த துணியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். இஞ்ஞாசி தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.