ஒழுகாத வேன்

வேனுக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. பெரியவள் அதை வெளியே இழுத்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். காகித வாசனைதான் வந்தது. ஆனால் பானெட்டைத் தூக்கினால், கூலன்ட் டப்பாவில் அவள் வெள்ளைப் பெயிண்டால் போட்டிருந்த கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது மட்டம். மூன்று நாளாக வேன் இந்த ஷெட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை.

முப்பது வருஷமாக ஊரார் வண்டிகளின் வயிற்றுக்குள் கைவிட்டுக் குணப்படுத்தியவளுக்கு அவளுடைய சொந்த வண்டி தண்ணி காட்டியது. எஞ்சின் கொதித்துப் போகாமல் காக்கும் அந்தப் பச்சை நீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினாள். ஹோஸ்களை மாற்றினாள். வாட்டர் பம்பைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாள். காற்றழுத்தம் ஏற்றிச் சோதித்தால் மறுநாள் காலை வரை முள் அசையவில்லை. ஆயிலில் நீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகை வரவில்லை, வேனுக்குள் கால் வைக்கும் இடத்து விரிப்பு காய்ந்து கிடந்தது. ஒழுகாத வண்டியில் நீர் குறைகிறது என்று வெளியே சொன்னால், வயசாயிடுச்சு பாவம் என்பார்கள்.

"பழைய வண்டிக்கா, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்பாள் தங்கை. சின்னவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் வளர்த்ததில் பெரியவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. அம்மா போன பிறகு, தன் விரல் நகங்களில் ஏறிய கருப்பு அவள் விரல்களில் ஏறக் கூடாது என்று படிக்க வைத்தாள், கட்டிக் கொடுத்தாள். அது சரிப்படாமல் அவள் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஷெட்டுக்கு மேலேயிருந்த வீட்டில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது பெரியவள் பார்த்துக்கொள்ளப்படுகிறவள் ஆகிவிட்டாள். வாந்தி, தலைசுற்றல், சமதரையிலும் தள்ளாடும் நடை, முதுகின் இரு பக்கமும் பிடுங்கும் வலி. சிறுநீரகம் சோர்ந்துகொண்டு வருகிறது, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதி மூன்று வாரம் ஆகிறது. நாலு மணி நேரம் மலைப்பாதை. பஸ்ஸின் குலுக்கலை இந்த உடம்பு தாங்காது. வேனில் பின்சீட்டைப் படுக்கையாக்கிக்கொண்டு போய்விடலாம், ஓட்ட ஆளும் சொல்லியாயிற்று. சின்னவள்தான் ஒப்பவில்லை.

"நடு மலையில கொதிச்சு நின்னா உன்னை யாருக்கா தூக்கிட்டு வருவா? முதல்ல ஒழுகறதைக் கண்டுபிடி, அப்புறம் போலாம்."

நியாயமான பேச்சு. அதனால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு. மூன்று நாளுக்கு முன், சின்னவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, படுக்கையிலிருந்து எழுந்து வந்ததற்குத் திட்டுவாளே என்று யாரிடமும் சொல்லாமல், கூலன்ட்டில் ஒரு சாயத்தை ஊற்றி, எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டாள். ஊதா டார்ச் அடித்தால் அந்தச் சாயம் பட்ட இடமெல்லாம் மஞ்சள்பச்சையாக எரியும். மயிரிழை வெடிப்பைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச்சுக்கு இருட்டு வேண்டும். பிற்பகல் மூன்றரைக்கு, சின்னவள் குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனதும், பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து ஷட்டரை இழுத்துவிட்டாள். தெருவின் ஹாரன்களும் யாரோ சைக்கிளில் மணியடித்துப் போவதும் ஒரேயடியாகத் தூரமாகிவிட, ரப்பரும் துருவும் பழைய கிரீஸும் கலந்த வாசனை இருட்டோடு சேர்ந்து தடித்து மூக்கருகே வந்து நின்றது, அதற்குள்ளே எங்கோ தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக், டிக் என்று நேரங்கெட்ட நேரத்தில் சத்தமிட்டது. தன் இதயத் துடிப்பு காதுக்குள் கேட்பதை அவள் கவனித்தாள்.

டார்ச்சை ஏற்றினாள். ரேடியேட்டர் கறுப்பு. ஹோஸ் பொருத்துகள் கறுப்பு. பம்ப், எஞ்சின் தலைப்பகுதி, அடிப்பகுதி, எல்லாம் கறுப்பு. முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து படுத்து, கீழேயிருந்து ஒரு தடவை முழுவதும் பார்த்தாள். சுத்தமான வண்டி. தன் வேலையை நினைத்து ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எழுந்தபோதுதான் டப்பாவின் மூடி எரிந்தது. அதில் ஒரு கட்டைவிரல் தடம், ரேகை ரேகையாக. சாயம் ஊற்றும்போது அவள் கையுறை போட்டிருந்தாள்.

பக்கத்தில் மட்கார்டில் ஒரு துளி. அப்புறம் தரையில் ஒன்று, வேனிலிருந்து ஓர் எட்டு தள்ளி. இன்னோர் எட்டில் இன்னொன்று. நகராத வண்டி நடந்து போயிருக்கிறது என்று அசட்டுத்தனமாகத் தோன்றியது. சொட்டுகள் மாடிப்படியைப் பார்த்துப் போயின.

மெக்கானிக் புத்தி என்று ஒன்று இருக்கிறது. நீர் குறைந்தால் அது வண்டிக்குள்தான் ஓட்டையைத் தேடும். வேறு யாராக இருந்தாலும், யாரோ எடுக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். அவள் பம்பைக் கழற்றினாள், ஹோஸைக் கழற்றினாள், இரண்டு மாதம் தன் மிச்ச பலத்தையெல்லாம் அந்த வண்டியில் கொட்டினாள், ஒரு மனிதக் கையை மட்டும் நினைக்கவில்லை.

மூன்றாவது படியில் ஒரு சொட்டு. கைப்பிடிக் கம்பியில் நாலு விரல். மேலே போகப் போக மூச்சு வாங்கியது. செருப்பில் ஒட்டி வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கம்பியில் யாரும் செருப்பை வைப்பதில்லை என்றும் தெரிந்தது.

சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். அலமாரிக் கதவில் தடம். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன மருந்து பாட்டில், முழுக்க எரிந்தபடி. பக்கத்தில் அவளுடைய கண்ணாடி டம்ளர். வாந்திக்கு நல்லது என்று தினமும் நாலு மணிக்கு சின்னவள் கொண்டுவரும் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை தூக்கலாக. கழுவிக் கவிழ்த்த டம்ளரின் விளிம்பில், துடைக்க மறந்த மெல்லிய கோடு.

அவள் தன் அறைக்குப் போனாள். தலைவலிக்கு வெளிச்சம் ஆகாது என்று சின்னவளே தைத்துப் போட்ட தடித்த திரை அங்கே எப்போதும் மூடியிருக்கும். தலையணையில் வாய் வைத்துப் படுக்கும் இடத்தில் ஒரு பெரிய வட்டம். போர்வை ஓரத்தில் வாந்தித் திட்டு.

கண்ணாடி முன் நின்றாள். வாயைத் திறந்து டார்ச்சைக் காட்டினாள்.

நாக்கு எரிந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கூலன்ட் நாக்குக்கு இனிக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைத் தின்னும் என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம், ஏமாந்த அவமானம். சின்னவளின் அந்த விரல்களுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது இவள். காய்ச்சலில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது இவள். ஒவ்வொரு டம்ளருக்கும், நீ இல்லாட்டி நான் என்னடி ஆவேன் என்று வாயாரச் சொன்னதும் இவள்தான். அழுகை வரவில்லை.

கீழே கதவு திறந்தது. புத்தகப் பை தொப்பென்று விழுந்தது. சமையலறையில் தண்ணீர் ஓடியது. ஸ்பூன் டம்ளரில் சுற்றியது. சுற்றியது. நின்றது. குளியலறைக் கதவு சாத்திய சத்தம். எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தாள்.

குட்டிதான் முதலில் ஓடி வந்தாள், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டே.

"பெரியம்மா, ஸ்கூல்ல இன்னைக்கும் வாந்தி எடுத்தேன். மிஸ் என்னை பெஞ்சுல படுக்க வச்சாங்க."

பெரியவள் டார்ச்சை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். வாசலில் சின்னவளின் நிழல் வந்து நின்றது.

"இந்தாக்கா. குடிச்சிட்டுத் தூங்கு."

பெரியவள் டார்ச்சைத் திருப்பினாள். டம்ளர் எரிந்தது. அதைப் பிடித்திருந்த அஞ்சு விரலும் எரிந்தன.

"ஏண்டி?"

சின்னவள் கையைப் பார்த்தாள். மறைக்கவில்லை. குரல் எப்போதும் போலப் பதமாகவே இருந்தது.

"நீ படுத்திருக்கறப்பதான்க்கா என் பேச்சைக் கேக்கறே. கொஞ்சமாத்தான் ஊத்தறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஐ, கலர் லைட்டு! எனக்கும் காட்டுங்க பெரியம்மா."

குட்டி வெளிச்சத்துக்குள் வந்து முகத்தை நீட்டினாள். உதடு. மோவாய். புறங்கை. சட்டைக் காலர். எல்லாம். சிரித்தபோது பல் வரிசை முழுவதும்.

டம்ளர் பாதிதான் இருந்தது. சின்னவளும் அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

"குட்டி, இதைக் குடிச்சியா? எப்ப?"

"நீ பாத்ரூம் போனப்ப. ரெண்டே வாய்தான்மா." அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தினமும் ரெண்டு வாய்தான். இனிப்பா இருக்குன்னு."

சின்னவள் மண்டியிட்டாள். மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, எரிகிற விரல்களால் அவள் வாயைத் துடைத்தாள். வெளிச்சம் கன்னத்துக்குப் பரவியது. அழுத்தித் துடைத்தாள். காது வரை போயிற்று. மறுபடி துடைத்தாள்.

"அம்மா, வலிக்குது."

பெரியவள் டார்ச்சை அணைக்க விசையைத் தேடினாள். விசை அகப்படவில்லை. சின்னவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். இருட்டில் குட்டியின் முகம் முழுவதும், கொஞ்சம் கொஞ்சமாக, மஞ்சள்பச்சையாக எரியத் தொடங்கியது.