வரலட்சுமியின் வெள்ளணு

"ஏம்மா, கண்ணை எங்க வச்சிகினு வர்றீங்க?"

1978, ஐப்பசி. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கொட்டும் மழை. நனைந்த லுங்கி மூட்டையை வரலட்சுமி பெஞ்சில் பொத்தென்று போட, அடியில் சிக்கியது ஒரு காகித உறை. கத்தியவன் அதன் சொந்தக்காரன்.

"பெஞ்சு உங்க நைனா போட்டதா?" அவளும் விடவில்லை.

வெடுக்கென்று அவன் உறையை இழுக்க, இரண்டு பெரிய புகைப்படங்கள் சரிந்தன. ஒன்றை அவள் எடுத்தாள். ஏதோ வட்டம், அதற்குள் திட்டுத்திட்டாய்க் கறுப்பு... பின்னால் பென்சிலில் அவள் பெயர்! வரலட்சுமி, வயது 22, பொதட்டூர்பேட்டை.

"இன்னாய்யா இது? என் பேரு எப்படி...?"

அவன் முகம் வெளுத்தது. பரந்தாமன், திருவாலங்காட்டுக்காரன், சென்னையில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வேலை. "ரத்தத்துல இருக்கிற வெள்ளணுங்க. பத்தாயிரம் மடங்கு பெரிசாக்கின படம்..."

அவ்வளவுதான்!

"நீங்கதானா அது! எங்க நைனா ரத்தப் புற்றுநோய்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரியில படுத்துகினு இருந்தப்போ என் ரத்தத்தையும் எடுத்தீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா? நைனா போயிட்டாரு. பொண்ணுக்கும் அதேதான்னு ஊரெல்லாம் பேச்சு. வந்த வரனெல்லாம் வாசலோட திரும்பிப் போச்சு. தலைவலி வந்தாக்கூட செத்துடுவேனோன்னு பயந்துகினு கிடக்கேன்யா!"

பரந்தாமன் மற்ற படத்தை அருகில் வைத்தான். "இதுதான் நோய் வந்த அணு. பாருங்க, உள்ளே இந்தக் கறுப்புக் கரு எம்மாம் பெரிசு, கோணல்மாணலா... உங்களது நல்ல அணு. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எடுத்தோம். உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க."

ஒண்ணுமில்லை... அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதைவிட வேகமாய் ஆத்திரம் வந்தது.

"இதைச் சொல்ல ரெண்டு வருஷமா? ஒரு கார்டு போட கை இல்லையா?"

"நல்லா இருக்கறவங்களுக்கு என்னத்த எழுதறதுன்னு இருந்துட்டோம்... பெரிய தப்புங்க."

பொதட்டூர்பேட்டை பஸ் வந்தது. மூட்டையோடு ஏறிவிட்டாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீம்பு! உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையில் ஜன்னலோரம் ஓடி வந்தான்.

"நாளைக்கே உங்க ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்!"

"சொல்லி? போன வரன் திரும்பி வரணுமா?"

"வேணாம்!" கத்திவிட்டு அவனே திகைத்தான். "ரெண்டு வருஷமா உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் வேலையைத் தொடங்கறேன். யாரோ வரலட்சுமி, நல்லா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்குவேன். இன்னிக்கு முகத்தையும் பார்த்துட்டேன்... எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க!"

பஸ் நகர்ந்தது. அவள் பெரிய கண்களில் இன்னும் கோபம்தான்... ஆனால் அவை அவனை விட்டு அகலவில்லை.

"ஆங், வாங்க! முதல்ல எனக்கு ஒண்ணுமில்லன்னு எங்கம்மா கிட்ட சொல்லுங்க. அப்புறம் இதைச் சொல்லுங்க. நாளைக்கே வரணும்... இன்னொரு ரெண்டு வருஷம் என்னால காத்துகினு இருக்க முடியாது!"