ஓடுதளத்துக் கொக்கு

வெடிக்காரர் ஜீப்பின் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். கொக்கு அசையவில்லை.

விமான நிலையத்தில் பறவை விரட்டுவது அவர் வேலை. சொந்தப் பெயரை மறந்து எல்லோரும் அவரை வெடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் நிழல் விழுந்தாலே பருந்துகூட அலறியடித்துக்கொண்டு பறக்கும். இந்தக் கொக்கோ, சூடு தணியாத தாரின் மேல், கருகிய ரப்பர் வாடைக்கும் ஈரப் புல்லின் வாடைக்கும் நடுவே, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவருடைய மாப்பிள்ளையும் இதே ரகம்தான். அடுத்த விமானத்தில் வந்து இறங்கப் போகிறது அந்த ஜந்து. கூடவே மகளும், அவர் இன்னும் கையில் ஏந்தாத பேத்தியும்.

"போய்த் தொலை" என்று துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி ஒரு வெற்று வெடி வெடித்தார். புகை மூக்கில் ஏறியது. கொக்கு தலையைச் சாய்த்து ஒரு மஞ்சள் கண்ணால் அவரைப் பார்த்தது. ஒன்றுக்கும் உதவாதவனைப் பார்ப்பது போல. இவர் ஆயுள் முழுக்க ஊரைப் பார்த்த பார்வை அது.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. டவரில் இருக்கும் பெண்.

"அண்ணே, ஓடுதளம் காலியா? விமானம் பக்கத்துல வந்துருச்சு."

ஒரு கொக்கு தன்னை மதிக்கவில்லை என்று சொல்வதா? நாளைக்குக் கேன்டீனில் இதுதான் பேச்சாக இருக்கும். ஏசி அறையில் குந்திக்கொண்டு கண்ணாடி வழியே உலகத்தைப் பார்க்கிற கூட்டத்திடம் போய்க் கைகட்டி நிற்க அவருக்கென்ன தலையெழுத்தா?

"காலிதான்மா. இறங்கச் சொல்லு."

நேரே போய்க் கொக்கை எட்டி உதைத்தார். சருகை உதைத்த மாதிரி இருந்தது. உருண்டு விழுந்தது, எழுந்தது, சத்தமில்லாமல் நடந்து திரும்பி வந்தது. அவர் காலில் சாய்ந்து நின்றது. கால்சட்டைத் துணி வழியாகச் சில்லிட்டது. உயிருள்ள உடம்பின் சூடு அதில் துளியும் இல்லை.

புல்லில் பூச்சிச் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பினார்.

கொக்குகள். காக்கைகள். பருந்துகள். ஒன்றையொன்று கொத்தாமல், தோளோடு தோள் உரச, புல்லிலிருந்து தாருக்கு ஏறிக்கொண்டிருந்தன. பறந்து அல்ல. நடந்து. நகங்கள் தாரில் கீறும் ஓசை மட்டும் கேட்டது.

வெடித்தார். மறுபடி வெடித்தார். தோட்டா தீர்ந்தது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. எல்லாம் அவரையே பார்த்தன.

வாக்கி டாக்கியை எடுத்தார்.

"இறங்க வேணாம்னு சொல்லும்மா. மேலயே சுத்தச் சொல்லு. ஒரே பறவையா இருக்கு."

"இப்பதானே காலின்னீங்க. வெயில் கண்ணைக் கூசுது, இங்கேருந்து ஒண்ணும் தெரியலையேண்ணே."

"என் பேத்தி இருக்கா அதுல. கெஞ்சிக் கேக்குறேன்மா."

வாழ்க்கையில் முதல் தடவை கெஞ்சினார். அவள் பதற்றமாக விமானியைக் கூப்பிடுவது கேட்டது. பதில் கேட்கவில்லை.

விளக்குகள் தெரிந்தன. சக்கரங்கள் இறங்கியிருந்தன. இரைச்சல் வயிற்றுக்குள் அதிர்ந்தது. கைகளை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு, பறவைகளுக்குள் ஓடினார். மிதித்தார். வழி விட்டன. அவ்வளவுதான்.

பிறகு எல்லாத் தலைகளும் அவரை விட்டு விமானத்தின் பக்கம் திரும்பின.

அவருக்காக ஓர் இறகைக்கூட அசைக்காதவை, அத்தனையும் ஒரே நேரத்தில், சிறகை விரித்தன.