ஐந்து ரசமட்டங்கள்

அறையில் இருந்தவர்கள்: பில்லியர்ட்ஸ் மேஜைக்குத் துணி மாற்ற வந்த மேஜைக்காரர், கைகொடுக்க வந்த அவருடைய மச்சான், கதவருகே நின்ற வீட்டுக்கார அம்மா. மூன்று பேர் என்றுதான் மேஜைக்காரர் எண்ணியிருந்தார்.

பழைய பச்சைத் துணியை உரித்து, ஓரக் கட்டைகளையும் கழற்றிவிட்டு, வெறும் கற்பலகையில் மட்டம் பார்க்க ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுக்கோட்டில் நின்றது. ஆனால் பக்கத்தில் வைத்த தந்தப் பந்து, கல்லைச் சுரண்டும் மெல்லிய கரகரப்போடு, மக்கிய துணியும் பழைய மெழுகும் நாறும் அந்த மதிய மங்கலில், ஜன்னல் மூலைக்கு உருண்டுபோய் விளிம்பில் நின்றது. அங்கே யாரும் இல்லை.

"கோலால குத்தாம, கட்டையால பந்தைத் தள்ளி ஆடின காலத்து மேஜை," என்றார் வீட்டுக்கார அம்மா. "இதுவரைக்கும் வந்தவங்க யாரும் வேலையை முடிக்கல. சாமானைக்கூட எடுக்காமப் போயிட்டாங்க."

அலமாரியைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதில் ஐந்து ரசமட்டங்கள் தூசி படிந்து கிடந்தன.

கல்லின் ஓரத்தில் சாக்பீஸில் ஐந்து பெயர்கள். இந்தத் தொழிலில் வேலையைத் தொடங்கும்போது கல்லில் பெயர் எழுதுவார்கள். முடித்ததும் பக்கத்தில் தேதி போடுவார்கள். ஒன்றுக்கும் தேதி இல்லை.

"சோம்பேறிப் பசங்க," என்று சிரித்தார் மச்சான். "மாப்ள, அதுக்குக் கீழ உங்க பேரை நானே எழுதிட்டேன். என் தங்கச்சிக்கு அடுத்து உங்களை நம்புற ஒரே ஆள் நான்தான்."

"யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

பந்து கிளம்பியது. மேஜைக்காரரை நோக்கி. இடப்பக்கம் நகர்ந்தார். அதுவும் வளைந்தது. மச்சானின் சிரிப்பு நின்றது.

மேஜைக்காரர் தன் பெயரை உள்ளங்கையால் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். கை வெளுத்தது. எழுத்து அப்படியே இருந்தது.

பந்து விளிம்புக்கு வந்துவிட்டது. தந்தம் தரையில் விழுந்தால் பிளந்துவிடும். பழக்கதோஷம்; யோசிக்காமல் கையால் அணை கொடுத்தார்.

"வண்டியில ஸ்பிரிட் இருக்கு, பேரை அழிக்கலாம், ஓடுங்க."

"அதை விட்டுட்டு நீங்களும் வாங்க மாப்ள!"

"கை வரல மச்சான்."

மச்சான் ஓடினார். பந்து சுட்டது. எதிர்ப்பக்கமிருந்து யாரோ நிதானமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் மூலைத் தூசியில் இரண்டு வெறுங்கால் தடங்கள். பக்கத்தில் இரண்டு. மொத்தம் ஐந்து ஜோடி.

ஒரு ஜோடி மட்டும் நடந்தது. மேஜையைச் சுற்றி. அவரைத் தாண்டி. கதவுவரை.

மச்சான் ஓடிப்போன கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கப் பூட்டில் சாவி, மெதுவாக, இரண்டு முறை திரும்பியது.