இரண்டு மூடித் தண்ணீர்

"ஐயோ... என்ன பண்றீங்க?"

ஆய்வு செய்யும் பெண்ணின் அதட்டலில் மெக்கானிக்கின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவப் பார்த்தது. ஆய்வுக்கூடத்து வெந்நீர்த் தொட்டியைப் பழுது பார்க்க வந்தவன் அவன். தொட்டிக்குள் ஒரு குடுவையில் மூலிகை இலைத்தூளுக்கு மேல் நீர் குறைவாக இருக்கிறதே என்று, பாட்டிலின் பெரிய மூடியால் இரண்டு மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டான்.

"அது சுத்தமான ஆல்கஹால் சார்! இந்த இலையில இருக்கற பாலிஃபீனால் சத்தை இறக்க மூணு வருஷமா தவம் கிடக்கேன்... ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டீங்களே!"

நிமிர்ந்தான். அம்மாடி, எவ்வளவு பெரிய கண்கள்... கோபத்திலும் கலங்கியிருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சதுல்ல? கிளம்புங்க."

கொட்டும் மழையில் நனைந்தபடியே கிளம்பினான். இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று முடிவும் கட்டினான்.

நான்காம் நாள் வீட்டில் அக்கா அவன் போனை எடுத்து நீட்டினாள்.

"டேய், உன் கோபக்கார மேடம்!" அதோடு விட்டாளா? "நாலு நாளா வீட்ல உங்க பேச்சுதாங்க" என்று போனிலும் போட்டு உடைத்தாள்.

"சார்... கொட்ட மனசு வராம அந்தக் குடுவையைச் சோதிச்சேன். அதுலதான் நீலம் ஜாஸ்தி!"

சத்து இறங்க இறங்க சோதனைக் கரைசல் நீலமாகுமாம்.

"ஒரு தடவை வந்தா தற்செயல். மூணு தடவை வந்தாதான் நம்புவாங்க. திங்கட்கிழமை எங்க தலைமை ஆய்வாளர்கிட்ட காட்டணும்... எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?"

"அளவெல்லாம் தெரியாதுங்க. ரெண்டு மூடி."

"அப்போ... மூடியோட வாங்களேன்."

ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது, அந்தக் கண்கள் ஒரு பக்கம். கண்கள்தான் ஜெயித்தன.

மூன்று குடுவையிலும் அவனே ஊற்றினான். ஜன்னலில் மழை வழிய, இருவரும் காத்திருந்தார்கள். கடைசியில் மூன்றும் ஒரே மாதிரி அடர்நீலம்! அவள் சின்னப் பிள்ளையாகக் கைதட்டினாள். அவனோ குடுவையில் ஒட்டியிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம்... ஆல்கஹால் ஐம்பது மில்லின்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு மொத்தத்தை அளந்திருந்தா நான் ஊத்தினது தெரிஞ்சிருக்குமே?"

அவள் தலை குனிந்தாள்.

"அளந்தேன். நீங்க ஊத்தினது முப்பது மில்லி."

"பின்ன மூடி எதுக்கு?"

"மூடி வந்தா நீங்களும் வருவீங்கல்ல... மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். இப்போ அது வரல. உங்களைப் பிடிச்சிருக்கு... அதுதான் வருது."

அப்போதும் அவனுக்குக் குறும்பு போகவில்லை.

"ஒரு தடவை சொன்னா தற்செயலாச்சே..."

சிவந்த முகத்தோடு இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறைக்கு அவன் விடவில்லை.

"எனக்கும்தான்" என்றான்.