டிக்கிக்குள் இருந்த நம்பர்

பன்னிரண்டு வருசமாக யாரும் ஓட்டாத கார். கண்ணாடி, சக்கரம், இருக்கை என்று எங்கே தொட்டாலும் விரல் புதையத் தூசு. பின்பக்க டிக்கியின் கைப்பிடி மட்டும், தினமும் யாரோ பிடித்துத் திறப்பதுபோலப் பளபளவென்று இருந்தது. மரியராஜ் அதைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி பையைத் திறந்தான்.

மதுரை மோட்டார் கம்பெனியில் அவனுக்கு வேலையே பழைய கார்களின் பூர்வோத்தரம் தேடுவதுதான். இந்த அமெரிக்கப் பந்தயக் கார் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிய சீட்டும், கம்பத்து ஏலத்தோட்டத் துரை அதை வாங்கிய ரசீதும் கைக்கு வந்துவிட்டன. இரும்புச் சட்டத்தில் வெட்டியிருக்கும் நம்பர்தான் பாக்கி. அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, அடியில் எடுத்தவன் பேரெழுதினால் முடிந்தது.

காலையில் தந்தி வந்திருந்தது. மனைவி செலினுக்கு இடுப்புவலி. முந்தின இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தத் தடவை பக்கத்தில் இருப்பேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தான். ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது, பத்து நிமிச வேலையை விட்டுப் போவானேன் என்று நினைத்தான். பாழாய்ப்போன புத்தி.

துரையின் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மொக்கம்மாள், கார் நின்ற ஷெட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"நம்பர எடுத்துக்கங்க சார். பேர மட்டும் அங்கன வச்சு எழுதாதீக. முந்தி வந்த ரெண்டு பேரும் எழுதுனாக. வெளிய வந்தத நான் பாக்கல."

அவன் சிரித்துக்கொண்டே டிக்கியைத் திறந்தான்.

நம்பர் இருக்கைக்கு அடியில் ஆழத்தில் இருந்தது. தலையை நுழைத்து, முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் உள்ளே திணித்தான். மக்கிய தோல் வாடை, பெட்ரோல் வாடை, அதற்கும் அடியில் வேர்வை நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. இரண்டிலும் அதே நம்பரின் அச்சு. ஒன்றின் அடியில் வீரபாண்டி, 1931. மற்றதில் சண்முகராஜ், 1935. இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை இங்கேயே போட்டுவிட்டா போவார்கள்?

சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று சரக் சரக்கென மளமளவென்று தேய்த்தான். நம்பர் தெளிவாக விழுந்தது. கை தன் பழக்கத்தில் அடியில் எழுதியது: மரியராஜ், 1938.

எழுதிய பிறகுதான் உறைத்தது.

மூடி விழுந்தது. வெளியே கைப்பிடி திரும்பும் சத்தம். உள்ளே கைப்பிடி கிடையாது.

காலால் உதைத்தான். தொண்டை கிழியக் கத்தினான். எங்கோ தூரத்திலிருந்து மொக்கம்மாளின் குரல் வந்தது.

"எழுதிட்டீகளா சார்?"

பிறகு அவள் ஓடும் சத்தம். அதுவும் தேய்ந்து போயிற்று. வெகுநேரம் கழித்து ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. செலின், செலின் என்று அழுதான். டார்ச் மங்கியது. அணைந்தது.

இருட்டு.

சரக். சரக்.

பென்சில் அவன் கையில்தான், அசையாமல் இருந்தது.

முதுகில் ஒரு காகிதம் வந்து படிந்தது. பிடரியிலிருந்து கீழ்நோக்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக, அவசரமே இல்லாமல் யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.